'நோ டிஸ்க்' காட்டுகிற சிடி செட்: லேசர் கண் என்ன செய்கிறது, எங்கே தவறுகிறது

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா வாங்கிய பழைய சிடி செட், இரண்டு மூன்று வருடமாக மூலையில் கிடந்தது, இப்போது எடுத்துப் போட்டால் தட்டு கொஞ்சம் சுற்றி நின்று 'நோ டிஸ்க்' என்று காட்டுகிறது. லென்ஸைத் துடைத்தும் சரிவரவில்லை. டவுனில் யாரோ "லேசர் வீக், பக்கத்தில ஒரு சின்ன ஸ்குரூ இருக்கு, அதைத் திருப்பினா ஏறும்" என்றார்களாம். திருப்பலாமா, அந்தக் கண் உண்மையில் என்னதான் செய்கிறது என்பது கேள்வி. போட்டுப் பார்த்தது, மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடுகிற காமன் கூத்தை ஊரில் பதிவு செய்த தட்டு என்று கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி. தம்பி, எனக்கு அந்த வரிதான் பெரிதாகப் பட்டது. அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஸ்குரூவைத் திருப்பாதீர்கள். நான் ஹட்டன் பக்கம் ரேடியோ, டெக், சிடி செட் என்று இருபது வருடத்துக்கு மேலாகப் பிரித்துப் பூட்டுகிறவன். "லேசர் போச்சு" என்று என்னிடம் வந்த செட்டுகளில் நிறையவற்றில் லேசர் போயிருக்கவே இல்லை. உள்ளே ஒரு லைட் எரிகிறது, அது தட்டைப் பார்த்துப் படிக்கிறது, லைட் மங்கினால் படிக்காது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். லைட் எரிவது அதில் சின்ன வேலை. ஆடிக்கொண்டே ஓடுகிற ஒரு தட்டுக்குக் கீழே, ஒரே தூரத்தில், ஒரே கோட்டில் அந்த ஒளிப்புள்ளியைப் பிடித்து வைத்திருப்பதுதான் பெரிய வேலை. பழுதுகளில் பாதிக்கு மேல் இந்தப் பிடிக்கிற வேலையில்தான் வரும்.

தட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 1.2 மில்லிமீற்றர் தடிப்பான பொலிகாபனேற்றுப் பிளாஸ்டிக், அதன் மேல்முகத்தில் மெல்லிய அலுமினியப் பூச்சு, அதற்கு மேல் வார்னிஷ், அதற்கு மேல் படம், எழுத்து. பதிவு இருப்பது அந்த அலுமினியம் படிந்த முகத்தில். உள்ளிருந்து வெளியே சுருளாகப் போகிற ஒரே ஒரு கோடு, நீட்டிப் போட்டால் 5 கிலோமீற்றருக்கு மேல் வரும். கோட்டில் அரை மைக்ரோன் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலத்தில் குழிகள், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 1.6 மைக்ரோன். குழி என்றால் 1, மேடு என்றால் 0 என்று பலரும் எழுதுகிறார்கள், அது தவறு. குழி தொடங்குகிற விளிம்பும் முடிகிற விளிம்பும்தான் 1. இடையில் குழியாக இருந்தாலும் மேடாக இருந்தாலும் மாற்றம் இல்லாத நீளமெல்லாம் 0. குழியின் நீளம் கண்டபடி வராது, 0.83 மைக்ரோன் முதல் 3 மைக்ரோன் சொச்சம் வரை ஒன்பது அளவுகள்தான். செட் செய்வது இந்த நீளங்களை நேரத்தால் அளப்பதுதான்.

ஆழம் ஏறக்குறைய 0.12 மைக்ரோன். இந்த எண் சும்மா வந்ததல்ல. லேசரின் அலைநீளம் காற்றில் 780 நனோமீற்றர் (ஆயிரம் நனோமீற்றர் ஒரு மைக்ரோன்), பிளாஸ்டிக்குக்குள் நுழைந்ததும் அது 500 அளவுக்குச் சுருங்கிவிடும். அதில் கால்வாசிதான் குழியின் ஆழம். ஒளிப்புள்ளி குழியை விட அகலம், அதனால் புள்ளியில் ஒரு பங்கு குழியில் விழும், மீதி பக்கத்து மேட்டில் விழும். குழியில் விழுந்த ஒளி, போகக் கால் அலை, வரக் கால் அலை என்று அரை அலை வித்தியாசத்தில் திரும்பி வந்து, மேட்டில் பட்டு வந்த ஒளியோடு சேரும்போது ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். அதனால் குழிக்கு மேல் போகும்போது திரும்பி வரும் வெளிச்சம் குறைகிறது. குழி கறுப்பாக இருப்பதால் அல்ல, அங்கேயும் அலுமினியம் பளபளவென்றுதான் இருக்கிறது.

ஒளி போகிற வழி அடுத்தது. மிளகு அளவு உலோக மூடிக்குள் லேசர் டயோட். அதிலிருந்து வரும் கதிர் முதலில் நுண்கோடுகள் கீறிய ஒரு கண்ணாடித் துண்டு வழியாகப் போய் மூன்றாகப் பிரிகிறது, நடுவில் ஒரு பலமான கதிர், இரண்டு பக்கமும் இரண்டு மெலிந்த கதிர். பிறகு ஒளியைப் பிரித்துவிடுகிற ஒரு பாதிக் கண்ணாடி, பல ஹெட்டுகளில் (லேசரும் லென்ஸும் சேர்ந்த பகுதியைத்தான் ஹெட் என்போம்) 45 பாகையில் சாய்ந்த இன்னொரு கண்ணாடி, கடைசியில் நீங்கள் துடைத்த அந்த லென்ஸ். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வில்லை என்று படித்தோமே, அதேதான். தட்டில் பட்ட ஒளி வந்த வழியே திரும்பி, பாதிக் கண்ணாடியில் திசை மாறி, ஒரு சின்ன உணரியில் விழுகிறது. உணரி நடுவில் நாலாகப் பிரித்த ஒரு சதுரம், இரண்டு ஓரத்திலும் தனித்தனியாக ஒவ்வொன்று, ஆக ஆறு துண்டு. இந்த ஆறிலிருந்து வருகிற மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்துத்தான் செட் எல்லாவற்றையும் அறிந்துகொள்கிறது. நாலையும் கூட்டினால் பாட்டு. கழித்தால் லென்ஸ் எங்கே தவறுகிறது என்ற செய்தி.

எவ்வளவு இறுக்கமான வேலை என்று விளங்க எல்லாவற்றையும் பத்து இலட்சம் மடங்கு பெருக்கிப் பாருங்கள். தட்டு 120 கிலோமீற்றர் அகலமான தேயிலை மலை. குழி என்பது அரை மீற்றர் அகலக் கான் (வடிகால்), ஆழம் ஒரு சாண் கூட இல்லை, 12 சென்ரிமீற்றர். நிரைக்கு நிரை 1.6 மீற்றர், நம் தோட்டத்து நிரையை விடக் கொஞ்சம்தான் கூட. லென்ஸ் கிலோமீற்றர் கணக்கில் தள்ளி நின்று, விநாடிக்கு 1200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் மலையில் ஒரே நிரையில் இருக்கிற கான்களை மட்டும் எண்ண வேண்டும். இதற்குள் மலை சும்மா இருக்காது. தட்டு இலேசாக வளைந்திருக்கலாம், அரை மில்லிமீற்றர் வரை மேலும் கீழும் ஆட அனுமதி உண்டு, அதாவது மலை 500 மீற்றர் ஏறி இறங்கும். நடு ஓட்டை துல்லியமாக நடுவில் இருக்காது, அதனால் பக்கவாட்டில் 70 மீற்றர் போய் வரும், நாற்பது நிரைக்கு மேல். இந்த ஆட்டமெல்லாம் தட்டின் உள்பக்கத்தில் விநாடிக்கு எட்டுத் தடவை, வெளி ஓரத்தில் மூன்று தடவை. ஒளிப்புள்ளி கூர்மையாக இருக்க உயரத்தில் எவ்வளவு பிழை தாங்கும் தெரியுமா, இரண்டு மீற்றர். நிஜத்தில் இரண்டு மைக்ரோன்.

அதை எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் இந்தக் கண்ணில் எனக்கு மிகவும் பிடித்த இடம். கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு 'சிலிண்டர் பவர்' தெரிந்திருக்கும், ஒரு திசையில் ஒரு மாதிரியும் இன்னொரு திசையில் வேறு மாதிரியும் குவிகிற பார்வைக் குறை. நமக்குக் குறையான அதை இங்கே வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். திரும்பி வரும் கதிர் உணரிக்கு முன்னால் ஓர் உருளை லென்ஸ் வழியாகவோ சாய்த்து வைத்த கண்ணாடி வழியாகவோ போகும். தட்டு சரியான தூரத்தில் இருந்தால் நாலு துண்டு சதுரத்தின் நடுவில் வட்டப் புள்ளி விழும், நாலுக்கும் சம வெளிச்சம். தட்டு கொஞ்சம் கிட்ட வந்தால் புள்ளி ஒரு மூலைவிட்டத்தில் நீள்வட்டமாக இழுபடும், தள்ளிப் போனால் மற்ற மூலைவிட்டத்தில் இழுபடும். ஒரு மூலைவிட்டத்து இரண்டையும் கூட்டி, மற்ற இரண்டின் கூட்டைக் கழித்தால் வருவது பூச்சியமா, கூட்டலா, கழித்தலா என்பதே போதும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று இரண்டும் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. அந்த எண்ணைப் பெருக்கி லென்ஸைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளுக்குக் கொடுக்கிறார்கள். ஸ்பீக்கர் கோன் எப்படி அசைகிறதோ அதே காந்தம், அதே சுருள், அதே தத்துவம். லென்ஸ் நூல் மாதிரியான கம்பிகளில் தொங்கிக்கொண்டு மேலும் கீழும் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும்.

பக்கவாட்டுக்கு அந்த இரண்டு மெலிந்த கதிர்கள். நடுக் கதிர் கோட்டின் நடுவில் போகும்போது முன்னால் போவது கோட்டின் ஒரு ஓரத்தையும் பின்னால் வருவது மறு ஓரத்தையும் தொட்டபடி போகும். ஒன்று இருட்டி மற்றது வெளித்தால் கோடு விலகுகிறது என்று அர்த்தம், இன்னொரு சுருள் லென்ஸைப் பக்கவாட்டில் தள்ளும். பழைய பிலிப்ஸ் செட்டுகளில் ஒரே கதிரும் ஊசல் மாதிரி ஆடுகிற கையும் இருந்தன, அது தனிக் கதை, அழகான வேலைப்பாடு, இப்போது கிடைப்பதில்லை. நம்மூரில் பிரிக்கிற செட்டுகளில் பெரும்பாலும் சோனி கே.எஸ்.எஸ்-213 அல்லது சன்யோ எஸ்.எஃப்-பி101 வகை மூன்று கதிர் ஹெட்தான். லென்ஸ் பக்கவாட்டில் கொஞ்சத் தூரம்தான் எட்டும், எட்டாத அளவுக்குப் போனதும் பல்சக்கர மோட்டர் முழு ஹெட்டையும் ஒரு படி நகர்த்திக் கொடுக்கும்.

சரி, இப்போது உங்கள் செட். மூடியைத் திறந்து வைத்து, மூடி அழுத்துகிற சின்னச் சுவிட்சை ஒரு ஈர்க்குச்சியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தட்டுப் போடாமல் பிளே அழுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளி நின்று பாருங்கள். லென்ஸுக்கு நேர் மேலே கண்ணை வைக்காதீர்கள். வெளியே வருவது ஒரு மில்லிவாற்றுக்கும் குறைவுதான், ஆனால் 780 நனோமீற்றர் என்பது கண்ணுக்குத் தெரிகிற எல்லைக்கு வெளியே கால் வைத்த ஒளி, மங்கல் சிவப்பாக ஒரு பொட்டுத்தான் தெரியும், பயமில்லை என்று தோன்றும், கண்ணும் தானாக மூடிக்கொள்ளாது. போன் கமராவில் பார்த்தால் ஊதா வெள்ளையாகத் தெரியும், பின் கமராவில் தெரியாவிட்டால் முன் கமராவில் பாருங்கள்.

ஹெட் உள் பக்கத்துக்கு ஓடி நிற்க வேண்டும், லென்ஸ் இரண்டு மூன்று தடவை மெதுவாக ஏறி இறங்க வேண்டும், அந்த நேரம் சிவப்புப் பொட்டுத் தெரிய வேண்டும். தூரத்தைத் தேடுகிறது என்று அர்த்தம். பொட்டு இல்லை என்றால் லேசருக்கு மின் போகவில்லை, அல்லது லேசர் முடிந்தது. பொட்டு இருக்கிறது, லென்ஸ் அசையவில்லை என்றால் சுருள், அதை ஓட்டுகிற ஐசி, ரிப்பன் வயர், இவற்றில் ஒன்று. ரிப்பன் வயர்தான் முதலில் சந்தேகப்பட வேண்டியது, ஹெட்டோடு போய் வந்து போய் வந்து மடிப்பில் உள்ளே முறிந்திருக்கும், வெளியே தெரியாது.

உங்கள் செட்டில் தட்டு கொஞ்சம் சுற்றுகிறது என்கிறீர்கள். பெரும்பாலான செட்டுகளில் லென்ஸ் தூரத்தைப் பிடித்த பிறகுதான் தட்டு ஒழுங்காகச் சுற்றத் தொடங்கும். அப்படியானால் லேசர் எரிகிறது, ஒளி திரும்பி வருகிறது, தூரம் பிடிபடுகிறது. தட்டின் உள் ஓரத்தில் இருக்கிற பொருளடக்கத்தைப் படிக்கிற இடத்தில்தான் தோற்கிறது. செத்த லேசர் இந்த இடம் வரைக்கும் வராது.

துடைத்த விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்து வீடுகளில் பிரச்சினை வெறும் தூசி அல்ல. லயத்துக் காம்பராவில் விறகடுப்பு, புகை போக இடமில்லை, வருடக் கணக்கில் அந்தப் புகை எண்ணெய்ப் படலமாக லென்ஸில் ஏறியிருக்கும். தட்டின் முகத்தில் இருக்கும் தூசி அவ்வளவு கெடுதி செய்யாது, ஏனென்றால் அந்த இடத்தில் கதிர் இன்னும் குவியவில்லை, முக்கால் மில்லிமீற்றர் அகலத்துக்கு விரிந்துதான் இருக்கிறது, ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும் சுற்றி வெளிச்சம் போய்விடும். லென்ஸில் படலம் இருந்தால் முழுக் கதிரும் சிதறும். உலர்ந்த பஞ்சாலோ சேலைத் தலைப்பாலோ தேய்த்தால் படலம் இடம் மாறுமே தவிரப் போகாது. பாமசியில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் வாங்கி, காது பஞ்சுக் குச்சியில் தொட்டு, உதறிவிட்டு, பாரம் கொடுக்காமல் நடுவிலிருந்து சுற்றி எடுங்கள். தின்னர், அசிற்றோன் கிட்டவே வேண்டாம், நிறைய லென்ஸ்கள் பிளாஸ்டிக், ஒரு தடவையிலேயே பால் பூத்த மாதிரி ஆகிவிடும். அமுக்கினால் அந்த நூல் கம்பிகள் வளையும், லென்ஸ் சாய்ந்துவிடும், சாய்ந்ததை நிமிர்த்த எனக்கும் கைவராது.

லென்ஸுக்குக் கீழே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிற அந்த 45 பாகைக் கண்ணாடியில் தூசி குந்தியிருப்பதும் உண்டு, மேலே எவ்வளவு துடைத்தாலும் அது போகாது, ரப்பர் ஊதுகுழலால் ஓரத்தில் காற்றடித்துப் பார்க்கலாம். வாயால் ஊதாதீர்கள். அப்புறம் மூடுபனிக் காலத்தில் விடியற்காலையில் போட்டால் பாடாது, பத்து மணிக்குப் போட்டால் பாடும் என்று சொல்கிற செட்டுகள் உண்டு. அது பழுதே இல்லை, லென்ஸில் பனி பூத்திருக்கிறது. தட்டுப் போடாமல் ஒரு மணித்தியாலம் மின்னைக் கொடுத்து வையுங்கள். முதல் பாட்டுகள் பாடி, கடைசிப் பாட்டுகளில் மட்டும் நின்று நின்று பாடினால் ஹெட் ஓடுகிற தண்டில் கிறீஸ் இறுகிப் போயிருக்கும். குளிரில் பழைய கிறீஸ் புளியம்பிசின் மாதிரி ஆகிவிடுகிறது.

இனி அந்த ஸ்குரூ. அது ஸ்குரூ அல்ல, பிரிசெட் என்கிற மாறும் தடை. லேசர் டயோடின் முதுகுப் பக்கத்தில் ஒரு குட்டி உணரி இருக்கிறது, அது லேசரின் வெளிச்சத்தை அளந்து சொல்லிக்கொண்டே இருக்கும், சர்க்யூட் அதைப் பார்த்து மின்னோட்டத்தைக் கூட்டும் குறைக்கும். லேசருக்கு வயதாக ஆக, அதே வெளிச்சத்துக்கு அதிக மின்னோட்டம் வேண்டும், சர்க்யூட் தானாகவே கொடுத்துக்கொண்டு வருகிறது. அதாவது வீக் ஆன லேசரை ஏற்றுகிற வேலை உள்ளே ஏற்கெனவே நடக்கிறது. பிரிசெட் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்ற இலக்கை மட்டும்தான் குறிக்கிறது, ஹெட் செய்த இடத்தில் கருவி வைத்து நிறுத்திய புள்ளி அது. அதைத் திருப்பினால் கிழவனை இன்னும் வேகமாக ஓடச் சொல்கிறீர்கள். சில செட் பாடும், பொய் சொல்லமாட்டேன், நானும் ஆரம்பத்தில் திருப்பிப் பாட வைத்துக் காசு வாங்கியிருக்கிறேன், சில மாதத்தில் அதே செட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொஞ்சம் கூடத் திருப்பிவிட்டால் டயோட் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும், சிவப்புப் பொட்டு தொடர்ந்து தெரியும், ஆனால் அது லேசராக அல்லாமல் வெறும் எல்ஈடி மாதிரி எரிந்துகொண்டிருக்கும்.

வயதை அளக்க வழி இருக்கிறது. கே.எஸ்.எஸ் ஹெட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கடைசி மூன்று இலக்கம் புதிதாக இருந்தபோது அந்த லேசர் எடுத்த மின்னோட்டம். 485 என்றால் 48.5 மில்லியம்பியர். லேசருக்குப் போகிற வழியில் இருக்கும் தடையின் இரண்டு முனைக்கும் இடையே மல்டிமீற்றர் வைத்து, வோல்ற்றைத் தடையால் வகுத்தால் இப்போதைய மின்னோட்டம் வரும். பத்துவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் ஹெட்டை மாற்றுகிற யோசனைக்கு வரலாம். கூடவில்லை என்றால் லேசரை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள்.

ஹெட் மாற்ற நேர்ந்தால் ஒன்று மட்டும் மறக்காதீர்கள். புது ஹெட்டில் இரண்டு சின்னப் புள்ளிகளை ஈயம் வைத்து ஒட்டி அனுப்புவார்கள், கையிலிருக்கும் நிலைமின் லேசரைக் கொல்லாமல் இருக்க. ரிப்பன் வயர் பூட்டிய பிறகு அந்த ஈயத்தை எடுக்க வேண்டும். எடுக்காமல் நான் ஒரு செட்டோடு மூன்று நாள் மல்லுக்கட்டி, பவர் சப்ளை வரைக்கும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

காமன் கூத்துத் தட்டுக்கு வருகிறேன். அது கடையில் அச்சடித்து விற்ற சிடி அல்ல, ஸ்டூடியோவிலோ கம்பியூட்டரிலோ எழுதிய சிடி-ஆர் என்று நினைக்கிறேன். அதில் குழியே கிடையாது. சாயம் பூசிய படலத்தில் லேசரால் சுட்ட தழும்புகள், குழி மாதிரி வெளிச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அந்தச் சாயம் வெயிலிலும் ஈரத்திலும் நாளாவட்டத்தில் கெடும். மேலே பேப்பர் லேபல் ஒட்டியிருந்தால் நம் ஊர் ஈரத்தில் லேபல் ஊதிக் கிளம்பி, உள்ளிருக்கும் பளபளப்பையும் கூடவே உரித்துக்கொண்டு வரும். அடியில் விழுந்த கீறலைச் செட் சமாளிக்கும், கோட்டின் நீளத்தில் இரண்டரை மில்லிமீற்றர் வரை காணாமல் போனதைக் கணக்குப் போட்டே முழுதாக மீட்டுவிடும். மேல் பக்கத்தில் பேனா கீறினால் மீட்க அங்கே ஒன்றும் இருக்காது. அழித்து அழித்து எழுதுகிற ஆர்டபிள்யூ தட்டாக இருந்தால் இன்னும் மோசம், அது திருப்பி அனுப்புகிற ஒளி அச்சுத் தட்டின் மூன்றில் ஒரு பங்கு கூட வராது, பழைய செட்டுகள் தட்டே இல்லை என்றுதான் சொல்லும்.

ஆகவே யாரிடமாவது கடையில் வாங்கிய அசல் பாட்டு சிடி ஒன்று இரவல் கேட்டுப் போட்டுப் பாருங்கள். அது பாடினால் செட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. பாடாவிட்டால் ஸ்டிக்கரில் இருக்கும் எண், லென்ஸ் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது, தட்டு எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் சுற்றுகிறது, மூன்றையும் எழுதுங்கள், அதை வைத்துச் சொல்கிறேன். அதுவரை கூத்துத் தட்டை அந்தச் செட்டில் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். லேபல் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். டிவிடி டிரைவ் உள்ள கம்பியூட்டர் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, குறைந்த வேகத்தில் வைத்து முதலில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். கம்பியூட்டர் டிரைவ் வாசிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும், செட் அப்படிச் செய்யாது. அந்த மாசி மாதத்தில் கூத்துக்குத் தப்பு மேளம் அடித்தவர்கள் எல்லோரும் இன்னும் தோட்டத்தில் இருக்கிறார்களோ என்னவோ, செட் வேறு வாங்கலாம் தம்பி, தட்டு வேறு கிடைக்காது.